இருபத்தொன்றாவது நிமிடம்

மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி.
மஞ்சக்குப்பம் மருந்துக்கடையில் குணாளன்
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்,
"இது ஸ்டாக் இல்லீங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்தார்.
தினம் முப்பது நிமிடம் ஓட்டம். மூச்சு வாங்கணும்.

கருவூலத்தில் எனக்குப் பதினெட்டாவது வருடம்.
மூன்று பென்ஷன் பில்களுக்கு ஒரே எண்ணைப் போட்டேன்.
ஸ்கூட்டியை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு
பஸ் ஏறி வீடு வந்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, சிலிண்டர் புக் செய்யும்போது
நான் குடியிருக்கும் தெருவின் பெயர்
நாக்கு வரைக்கும் வந்து உள்ளே போய்விட்டது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர் ரஷீதா.
காதுக்கு உள்ளே, சுண்டுவிரல் அளவில்
சுருண்டு கிடக்குதே, அதுக்குப் பேர் கடல்குதிரை.
ஞாபகம் ஏறி இறங்குகிற துறை.
உட்கார்ந்தே இருந்தா வத்தும். ஓடினா வளரும்.
கொஞ்சம்தான், என்றார் உடனே.
பொய் சொல்ல வராதவர்.

கடல்குதிரையை எனக்குத் தெரியும்.
முதுநகர் துறைமுகத்தில் வலையை உதறும்போது
இறாலோடு விழும். கேஸாகும் என்று
திரும்பத் தண்ணீரிலேயே வீசிவிடுவார்கள்.
கையிலிருக்கிற அந்த ஒரு நொடியிலும்
வால் எதையாவது பற்றிக்கொள்ளப் பார்க்கும்.

அண்ணா ஸ்டேடியத்தில் முதல் நாள் இருநூறு மீட்டர்.
மார்புக்குள் யாரோ பித்தளைப் பாத்திரம் விளக்கினார்கள்.
மறுநாள் ஆபீஸ் படிகளில் நண்டுபோலப்
பக்கவாட்டில் இறங்கினேன்.
தொடை என்று ஒன்று இருப்பது
நாற்பத்து நான்கு வயதில் தெரிந்தது.

ஆறாவது வாரம் நாடி
எண்பத்தெட்டிலிருந்து எழுபத்தாறுக்கு இறங்கியது.
ராத்திரி பத்து மணிக்கே தூக்கம் வந்து
புடவையோடு ஆளைச் சாய்த்தது.
சிப்காட் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று
மூக்கு முதலில் சொன்னது, அப்புறம்தான் கால் கிளம்பியது.

முதல் இருபது நிமிடம் உடம்பு பேரம் பேசும்.
முழங்கால் ஒரு விலை சொல்லும், விலா ஒரு விலை,
நாளைக்கு வாயேன் என்று மண்டை கெஞ்சும்.
இருபத்தொன்றாவது நிமிடம் கடை மூடிவிடும்.
இரண்டடிக்கு மூச்சு உள்ளே, இரண்டடிக்கு வெளியே.
யார் ஓடுவது என்று கேட்க ஆள் இருக்காது.

மாவட்டப் போட்டி என்று ஸ்டேடியத்தைப் பூட்டியிருந்த
ஒரு மார்கழிக் காலையில்
சில்வர் பீச்சுக்குப் போனேன்.

மணல் என்றால் கெண்டைக்கால்தான் முதலில் அறியும்.
அறிந்தது.
கடலுக்கு முதுகு காட்டித் திரும்பிய மாத்திரத்தில்
அறிந்தது.
இதே மணலில், இதே பக்கம் பார்த்து,
இருபது வருடம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை
யாரும் சீட்டு எழுதித் தராமல் நான் ஓடியிருக்கிறேன்.

அதற்கப்புறம் எதற்கும் ஓடியதில்லை,
கிளம்புகிற பஸ்ஸுக்குக்கூட.

பின்னாலிருந்து பவுனு அக்கா
"செவ்வந்தி" என்று கூப்பிட்டாள்.
நான் திரும்பவில்லை.
பில் எண் போனது, தெருப்பெயர் போனது,
இது மட்டும் என்னிடம்
ஒரு சொல்லோடு நின்றபடி இருந்தது.

அன்று காலை வாட்சைப் பார்த்தேன். இருபத்தொன்று.
மூச்சு இரண்டடிக்கு உள்ளே போனபோது
மிச்சமும் கேட்டது:
"செவ்வந்தி, திரும்பாத. ஓடு."

உட்கார்ந்துவிட்டேன்.
சுண்டல் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
கழுத்தில் விரல் வைத்து
எண்ணினேன், விட்டேன், மறுபடி எண்ணினேன்.

அடுத்த முறை போனபோது கேட்டேன்:
இந்தக் குதிரை, டாக்டர்,
உள்ளே கிடப்பதைத்தான் எடுத்துத் தருமா?
நமக்கு வேண்டியதைத்
தானே செய்தும் தருமா?

ரஷீதா பேனாவை மூடினார்.
ஜன்னலைப் பார்த்தார். மறுபடி திறந்து
பழைய சீட்டிலேயே முப்பதை அடித்து
நாற்பது என்று எழுதினார்.